துடிப்பைச் சீராக்கும் மருந்தே துடிப்பைக் கெடுப்பது ஏன்?

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல் அது தளர்ந்துபோவது. இந்த நோயாளிகளில் பலருக்குத் துடிப்பின் லயமும் தவறும். லயத்தைச் சீராக்கத் தரும் மருந்துகளில் சில இவர்களுக்கே ஆபத்தாக முடிகின்றன. மருந்து மாறவில்லை, இதயத் தசைச் செல்களின் மின் இயல்பு மாறிவிட்டது.

ஒவ்வொரு துடிப்பிலும் சோடியமும் கால்சியமும் செல்லுக்குள் பாய்கின்றன. பிறகு பொட்டாசியம் வெளியேற, செல் ஓய்வுக்குத் திரும்புகிறது. பொட்டாசியம் வெளியேறப் பல வாய்கள் உண்டு. ஒன்றை மருந்து அடைத்தாலும் மற்றவை ஈடுகட்டிவிடும். செயலிழந்த இதயத்தில் இந்தக் கையிருப்பு கரைந்துபோகிறது. பொட்டாசிய வாய்களில் பல மந்தமாகிவிடுகின்றன. சட்டென்று நிற்கவேண்டிய சோடியமோ சிறிதளவு கசிந்துகொண்டே இருக்கிறது. கால்சியத்தின் போக்குவரத்தும் குளறுபடியாகிறது. மருந்து உள்ளே போகும் முன்பே செல் ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாகிறது.

சோட்டலால், டோஃபெட்டிலைடு போன்ற லய மருந்துகள் மிச்சமிருக்கும் முக்கியப் பொட்டாசிய வாயை அடைப்பவை. தாமதம் இன்னும் நீள்வதை இசிஜியில் கியூடி இடைவெளி காட்டிக்கொடுக்கும். வழக்கமான வேகத்தில் ஓடும் இசிஜி தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லிசெகண்ட். இடைவெளி பன்னிரண்டரை கட்டத்தை, அதாவது 500 மில்லிசெகண்டை, தாண்டினால் மருத்துவர்கள் உஷாராவார்கள். அந்த நிலையில் வரக்கூடியது டார்சேட்ஸ் என்ற லயக் கோளாறு: இசிஜியில் அலைகள் கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொள்வது போலத் தெரியும், தானாக அடங்கலாம், உயிரையும் பறிக்கலாம். நீர் பிரியத் தரும் மாத்திரைகளில் பல பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் குறைத்து இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. ரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால், வழக்கமான அளவு மருந்தே உடலில் மிகுதியாகத் தங்கிவிடும்.

ஃபிளெக்கனைடு போன்ற சோடியத் தடுப்பு மருந்துகளின் கதை வேறு. தழும்பேறிய தசையில் மின்சாரம் ஏற்கெனவே தயங்கித்தான் பரவுகிறது. மருந்து அதை மேலும் மெதுவாக்கும்போது, மின் அலை ஒரே வளையத்தில் திரும்பத் திரும்பச் சுற்றத் தொடங்குகிறது. போதாததற்கு, இதயம் சுருங்கும் வலுவும் குறைகிறது.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு அல்ல. மாரடைப்புக்குப் பின் துடிப்புத் தவறியவர்களுக்கு ஃபிளெக்கனைடும் என்கெய்னைடும் கொடுத்துப் பார்த்த காஸ்ட் ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களே அதிகம் இறந்தனர். 1989இல் ஆய்வில் இந்த இரு மருந்துகளையும் சோதித்த பகுதி நிறுத்தப்பட்டது. மாரடைப்புக்குப் பின் இதயம் தளர்ந்தவர்களுக்கு டி-சோட்டலால் தந்த ஸ்வார்டு ஆய்விலும் (1996) இறப்பு 3.1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்ந்தது. கடும் செயலிழப்பில் டிரோனெடரோன் என்ற லய மருந்தைச் சோதித்த ஆய்வும் பாதியில் கைவிடப்பட்டது. டோஃபெட்டிலைடு இறப்பைக் கூட்டவில்லை. ஆனால் டார்சேட்ஸ் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் வந்ததால், அமெரிக்காவில் அதை மருத்துவமனையில் வைத்துத்தான் தொடங்குகிறார்கள்.

எஞ்சுவது பெரும்பாலும் ஆமியோடரோன். அது பல வாய்களை ஒருசேரத் தொடுவதால் டார்சேட்ஸ் அரிது. ஆனால் தைராய்டு, நுரையீரல், கல்லீரலைப் பாதிக்கலாம். அது ஆயுளைக் கூட்டவில்லை, உடலில் பொருத்தி, ஆபத்தான லயத்தை மின் அதிர்ச்சியால் நிறுத்தும் ஐசிடி கருவிதான் கூட்டியது என்று 2005இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

எரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் கியூடியை நீட்டும். ஆகவே இதய மருந்து சாப்பிடுபவர்கள், சளி காய்ச்சலுக்குக்கூட மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்க வேண்டாம். பழைய மருந்துச்சீட்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.