நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும் கிரான்

ஓர் இணையதளத்தில் தினமும் காலை 6 மணிக்கு ஒரு புதுத் திருக்குறள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நடத்துகிறவர் தினமும் எழுந்து பட்டனை அழுத்துகிறாரா? இல்லை. அவர் தூங்கிக்கொண்டிருப்பார். குறளை மாற்றி வைப்பதற்கென்று ஒரு நிரலை முன்பே எழுதி வைத்திருப்பார். அதை நேரம் தவறாமல் இயக்குவது ‘கிரான்’ என்ற இன்னொரு சின்ன நிரல்.

கிரானுக்கு வயது அதிகம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகி 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. இன்று இணையதளங்களைத் தாங்கும் லினக்ஸ் சர்வர் கணினிகளிலும் அது உழைக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது? நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்க்கும். அந்த நிமிடத்துக்குரிய வேலை இருந்தால் தொடங்கிவிடும். இல்லாவிட்டால் மறுபடி உறங்கிவிடும்.

பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஐந்து கட்டங்கள் உண்டு. வரிசையாக நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. ஞாயிறு என்றால் 0, திங்கள் 1, சனி 6. நட்சத்திரக் குறி போட்டால் ‘எதுவானாலும் சரி’ என்று பொருள்.

நம் குறளுக்கு இப்படி எழுதலாம்:

30 0 * * *

அதாவது, தினமும் 0 மணி 30 நிமிடம். காலை 6 மணி எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? பல சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே 0:30 ஆகும்போதுதான் இங்கே காலை 6 மணி!

இணையதளத்துக்காக சர்வரில் இடத்தை வாடகைக்கு எடுக்கும் பல ஹோஸ்டிங் கணக்குகளில் ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் பெரிய வேலையை நிமிடந்தோறும் ஓடவிட்டால் மற்றவர்களின் தளங்களும் மெதுவாகிவிடும். அதனால், தகவல்களைப் பிரதி எடுத்து வைப்பது போன்ற பெரிய வேலைகளை, தளத்துக்கு ஆள் வரவு குறைந்த நேரத்தில் வைப்பதே நல்லது.

நாம் சொன்ன நேரத்தில் சொன்னதை மட்டுமே கிரான் செய்யும். அந்த நிமிடத்தில் சர்வர் அணைந்திருந்தால் வேலை விட்டுப்போகும். பிறகு அது தானாக ஈடுகட்டாது. வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பது மனிதரின் பொறுப்பு.

இப்போது உங்கள் முறை. சர்வர் கடிகாரப்படி ஞாயிறுதோறும் இரவு 11:15-க்கு ஒரு வேலை நடக்க வேண்டும். கிரானுக்கு 24 மணிக் கணக்குதான் தெரியும். ஐந்து கட்டங்களையும் நோட்டில் நிரப்பிப் பாருங்கள்!