மனனமும் உட்கொள்ளலும்: மட்டக்களப்புக் கிறிஸ்தவரின் மறைமொழி மரபு பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை என வழங்கும் நெல்விளை நிலப்பரப்பில் அமைந்துள்ளது வெல்லாவெளி. இப்பிரதேசத்துக் கண்ணகி கோயில்களிலே வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ ஆண்டுதோறும் பாடப்பெறுகின்றது. எழுத்தறியாதாரும் அக்கதையைத் தமதாகக் கொண்டிருப்பதற்குக் காரணம், உரிய காலத்தில், உரிய இடத்தில், உரிய ஓசையோடு அதனை மீண்டும் மீண்டும் கேட்டமையேயாகும். இச்சூழலிலே சிறுபான்மையினராய் வாழும் கிறிஸ்தவரது மறைமொழிகள் எவ்வாறு நினைவில் நின்றன, நினைவில் நின்றவை எப்போது உள்ளத்தின் உடைமையாகின்றன என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனனம் வேறு, உட்கொள்ளல் வேறு. முன்னையது நாவின் பயிற்சி. பின்னையது, வாழ்க்கையில் ஒரு தேவை நேருங்கால் கற்ற சொல் தானே எழுந்து செயலை நெறிப்படுத்தும் நிலை. எனினும் முன்னையதின்றிப் பின்னையது தோன்றுதல் அரிது. இதனை விவிலியமே உணர்ந்துள்ளது எனலாம். கட்டளைகளை வீட்டிலிருக்கும்போதும் வழிநடக்கும்போதும், படுக்கும்போதும் எழும்போதும் பேசுமாறு உபாகமத்தின் 6ஆம் அதிகாரம் பணிக்கின்றது. முதலாம் சங்கீதத்தில் ‘தியானம்’ எனப் பெயர்க்கப்படும் எபிரேயச் சொல்லுக்கு ‘முணுமுணுத்தல்’ என்ற பொருளும் உண்டு. 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களின் வரிசையிலே, எழுத்துக்கு எட்டாக அமைந்தவை. அந்தாதித் தொடையையும் ஆத்திசூடியின் அகரவரிசையையும் அறிந்த தமிழர்க்கு இவ்வுத்தி புதியதன்று.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் மறைமொழி முதலிற் செவிவழியாகவே பரவியது. 1540களிலே முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், முக்கியமான செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழிற் பெயர்ப்பித்துத் தாமும் மனனஞ் செய்தார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்து, அவர்கள் தம் பெற்றோர்க்கும் அயலார்க்கும் அவற்றைச் சொல்லிக்கொடுக்குமாறு ஏற்பாடு செய்தமையை அவரது 1544ஆம் ஆண்டுக் கடிதம் கூறுகின்றது. பொருள் விளக்கத்திற்கு முன்னரே ஒப்புவித்தல் வேண்டப்பட்ட முறை இது. இதில் அதிகாரத்தின் சாயல் உண்டென்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் சிறுவர் ஆசிரியராகவும் முதியோர் மாணவராகவும் மாறிய ஒரு புதுமையும் இதில் உண்டென்பது மனங்கொள்ளத்தக்கது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூலும் இவ்வகை மனனக் கல்வியின் துணைக்கருவியே.

ஈழத்தில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. குருமார் மிகச் சிலரே இருந்தனர். 1705இல் இங்கு வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்திலே துயர ஓசையோடு வாசிக்கப்பெறும் நூலாக நிலைபெற்றது. குருவில்லாத ஊர்களிலே செபத்தையும் வாசிப்பையும் முன்னின்று நடத்தியவர் ‘அண்ணாவியார்’ எனப்பட்டனர். மட்டக்களப்பிலே கூத்துப் பழக்கும் ஆசானுக்கும் இதுவே பெயர். இவ்வொற்றுமை சிந்திக்கற்பாலது. சட்டங் கொடுத்தல் என்னும் நிகழ்ச்சியிலே பாத்திரத்தைப் பெறும் கூத்தன், அதன் பாட்டைப் பல மாதங்கள் தாளத்தோடும் ஆட்டத்தோடும் பயின்று, களரியேறும்போது ஏட்டின் துணையின்றி நிற்கின்றான். சொல் அவனது உடலிற் குடிபுகுந்துவிட்டது. உட்கொள்ளலுக்கு இதனினும் சிறந்த உவமையை இம்மண்ணில் காண்டல் அரிது.

1814இல் வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பை அடைந்தார். அடுத்த ஆண்டே இறந்தார். அவர் தொடக்கிய பள்ளிப்பணியோடு, மறையை ஒவ்வொருவரும் தாமே வாசித்தல் என்னும் நெறி இங்கு வேரூன்றலாயிற்று. நினைவின் அலகும் மாறியது. செபம், பாட்டு என்பவற்றோடு அதிகாரமும் எண்ணும் சுட்டும் ‘வசனம்’ முதன்மை பெற்றது. புதிய ஏற்பாட்டை இன்றுள்ளவாறு வசன எண்களாற் பிரித்தவர் றொபேர் எத்தியேன் என்னும் பிரெஞ்சு அச்சாளர், ஆண்டு 1551. இப்பிரிப்பு மனனத்தை எளிதாக்கியது. அதேவேளை வசனத்தை அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்துத் தம் கருத்துக்கு அரணாக்கும் வழக்கத்திற்கும் இடமளித்தது.

நினைவின் வலிமைக்கு யாழ்ப்பாணத்திலே தக்க சான்றொன்றுண்டு. அதே வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த விவிலிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதன் தமிழ்நடை சிறந்தது எனப் பலர் கருதினர். ஆயினும் பப்பிரிசியுஸ் என்பாரின் 18ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பிற் பழகிய செவிகள் அதனை ஏற்கவில்லை. பப்பிரிசியுசின் நடையைப் பெரிதும் தழுவிப் பவர் பாதிரியாரின் தலைமையில் உருவான 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே நிலைத்தது. பின்னர் 1956இல் வந்த திருத்திய மொழிபெயர்ப்பாலும் அதனை அகற்ற முடியவில்லை. ‘பராபரன்’, ‘தேவன்’, ‘கடவுள்’ எனச் சொற்கள் மாறுந்தோறும் அறிஞர் நோக்கியது பொருளை. மக்கள் இழக்க அஞ்சியது தம் தாய்தந்தையர் மரணப்படுக்கையிலே சொல்லிய அதே ஓசையை. மேலிருந்து கொடுக்கப்பட்ட சொல், மனனமானபின் கொடுத்தவரின் கட்டுப்பாட்டை மீறி மக்களின் சொத்தாகின்றது. அதுவே புதிய விளக்கத்திற்குத் தடையாதலும் உண்டு.

2007இல் போர் காரணமாகப் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அத்தகைய வேளையில் நூல்கள் வீட்டோடு நின்றுவிடலாம். நெஞ்சிலிருப்பது உடன் செல்லும். பாபிலோனுக்குச் சிறைபோன யூதரின் புலம்பலை இளமையிற் கற்ற ஒருவர், ஊரிழந்த நாளில் அதன் பொருளை முதன்முறையாக அறிதல் கூடும். சொல் முன்னரே அங்கிருந்தது. அனுபவம் பின்னர் வந்து அதனைத் திறக்கின்றது.

ஆனால் அனுபவம் திறவாத மனனமும் உண்டு. திருச்சபையின் மாலைச் செபத்தில் நாள்தோறும் இடம்பெறுவது மரியாளின் பாடல். வலியோரின் வீழ்ச்சியையும், எளியோரின் உயர்வையும், பசித்தோர் நிறைவடைதலையும் அது பேசுகின்றது. நெல்வயலுக்குடைய போடியாரும் அதனைச் சொல்லலாம். அவ்வயலில் உழைக்கும் முல்லைக்காரனும் சொல்லலாம். இருவரும் ஓரெழுத்தும் பிழையாது ஒப்புவித்தல் இயலும். ஆயினும் அறுவடை முடிந்து களத்திலே நெல் பங்கிடப்படும்போது அப்பாடல் இருவரில் எவருக்கு நினைவுக்கு வருகின்றது என்பதே வினா. செபவேளையில் நினைவிலிருந்து, பங்கீட்டு வேளையில் மறந்துபோகும் மறைமொழி மனனம் செய்யப்பட்டதே, உட்கொள்ளப்பட்டதன்று. கையடக்கத் தொலைபேசியிலே முழு விவிலியமும் கிடைக்கும் இந்நாளில் மனனத்தின் தேவை குறைந்திருக்கலாம். களத்திலே எழும் அவ்வினாவுக்கு விடைகூறும் தேவை சிறிதும் குறையவில்லை.