எந்த டெஸ்க்டாப் போடறது? முதல்ல சாம்பிள் பாருங்க

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிச்சிடுச்சு. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப் வச்சிருக்கீங்களா? பழைய இரும்புக் கடைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி லினக்ஸ் போட்டுப் பாக்கலாம்னு நினைச்சு லினக்ஸ் மின்ட் பக்கத்தைத் திறப்பீங்க. அங்கேயே முதல் கேள்வி: சினமனா, மேட்டேவா, எக்ஸ்எஃப்சிஇ-யா? பாதிப் பேர் இந்த இடத்துல பிரவுசரை மூடிடறாங்க.

இது பயப்படற விஷயம் இல்லைங்க. திருப்பூர்க்காரங்களுக்குச் சொன்னா உடனே புரியும். ஒரே துணிதான். காலர் வச்சா போலோ, தொப்பி வச்சா ஹூடி. உள்ளே இருக்கற லினக்ஸ் ஒண்ணுதான். மெனு எங்க இருக்கணும், ஜன்னல்கள் எப்படித் திறக்கணும், செட்டிங்ஸ் எப்படி இருக்கணும்னு முடிவு பண்றது டெஸ்க்டாப். விண்டோஸ்ல அதை மைக்ரோசாஃப்டே முடிவு பண்ணிக் கொடுத்துடறதால, இப்படி ஒரு தேர்வு இருக்குன்னே நமக்குத் தெரியாமப் போச்சு. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்துல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையா வச்சு உருவாக்கினது அது. ஆன் பண்ணதும் வர்ற பட்டியல்ல விண்டோஸையே அழுத்திப் பழகின அண்ணன், அக்கா நம்ம வீட்டுலயே இருப்பாங்க.

ஏன் இத்தனை டெஸ்க்டாப்? சண்டைதான் காரணம். 1996-ல் கேடிஇ வந்தது. அது பயன்படுத்தின க்யூடி நூலகத்தின் உரிமம் அப்போ முழுசா கட்டற்றதா இல்லைன்னு 1997-ல் க்னோம் கிளம்பியது. 2011-ல் க்னோம் 3 வந்து பழைய டாஸ்க்பாரையும் மெனுவையும் தூக்கிட்டாங்க. பிடிக்காதவங்க பழைய க்னோம் 2-ஐ எடுத்து மேட்டேன்னு தொடர்ந்தாங்க (தென் அமெரிக்காவுல குடிக்கற ஒரு தேநீரோட பேர் அது). மின்ட் குழு சினமனை உருவாக்குச்சு. லினக்ஸை எழுதின லைனஸ் டோர்வால்ட்ஸே கோபப்பட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போனார். 2013-ல் க்னோமுக்கே திரும்பியும் வந்துட்டார். அவரே மாத்தி மாத்தி வச்சிருக்கார், நீங்க ஏன் தயங்கணும்?

முடிவு பண்ண ரெண்டு விஷயம் போதும்: ரேம் எவ்வளவு, அந்த மெஷின்ல உக்காரப் போறது யார்.

2 ஜிபி ரேம்னா எக்ஸ்எஃப்சிஇ, இல்லைன்னா லுபுண்டுவுல வர்ற எல்எக்ஸ்க்யூடி. 4 ஜிபி இருந்தா மேட்டே, சினமன் ரெண்டும் ஓடும். 8 ஜிபி இருந்தா ரேமைப் பத்தி யோசிக்காம எது கண்ணுக்குப் பிடிக்குதோ அதைப் போடுங்க. ஆனா ஒண்ணு: ரேமைத் தின்கிறது பெரும்பாலும் டெஸ்க்டாப் இல்லை, பிரவுசர். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாத்தி எஸ்எஸ்டி போட்டா கிடைக்கற வேகம் எந்த டெஸ்க்டாப்பை மாத்தினாலும் கிடைக்காது.

அடுத்தது ஆள். அப்பா பில் அடிக்கற கம்ப்யூட்டர்னா சினமன் போடுங்க. இடது மூலையில மெனு, கீழே டாஸ்க்பார், அவர் கை பழகின இடத்துலயே இருக்கும். க்னோம்ல ஜன்னலைச் சுருக்கற பொத்தானே இயல்பா இருக்காது. கீபோர்டுல விண்டோஸ் கீயைத் தட்டித் தட்டி வேலை செய்யற பாணி அது. கோடிங் பண்றவங்களுக்குப் பழகிட்டா சுகம், அப்பாவுக்குத் தலைவலி. எல்லாத்தையும் நோண்டி மாத்தணும்னு கை அரிக்கறவங்களுக்கு கேடிஇ பிளாஸ்மா. பரீட்சை நேரத்துல மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க.

டெஸ்க்டாப் தீர்க்காத விஷயமும் உண்டு. டேலி விண்டோஸ் மென்பொருள். கம்பெனியில பேட்டர்ன் போடற கேட் மென்பொருள்களும் பெரும்பாலும் அப்படித்தான். அது கட்டாயம்னா விண்டோஸை அழிக்காம பக்கத்துலயே லினக்ஸ் போடுங்க. எம்பிராய்டரி டிசைன் பண்றவங்களுக்கு ஒரு நல்ல சேதி: இங்க்ஸ்கேப்போட இங்க்/ஸ்டிச் சேர்த்தா மெஷினுக்குத் தேவையான டிஎஸ்டி ஃபைல் வரைக்கும் லினக்ஸ்லயே எடுக்கலாம், எந்த டெஸ்க்டாப்பா இருந்தாலும்.

இப்போ சாம்பிள். பையர் சாம்பிளுக்கு ஓகே சொல்லாம இங்க யாரும் பல்க் ஓட்ட மாட்டாங்க. லினக்ஸும் அப்படித்தான், இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவ்ல இருந்து ஓட்டிப் பாக்கலாம். 16 ஜிபி பென்டிரைவ் ஒண்ணுல வென்டாய் போட்டு, மின்ட்டோட மூணு ஐஎஸ்ஓ ஃபைலையும் அப்படியே காப்பி பண்ணுங்க. வென்டாய் போடும்போது பென்டிரைவ்ல இருக்கறது அழிஞ்சிடும், முதல்ல எடுத்து வச்சுக்கோங்க. அப்புறம் ஒவ்வொண்ணா பூட் பண்ணி அரை மணி நேரம் வேலை செய்ங்க. வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, மூடித் திறந்தா முழிக்குதா, செமினார் ஹால் புரொஜெக்டர்ல படம் வருதான்னு பாருங்க. பென்டிரைவ்ல இருந்து ஓடறதால கொஞ்சம் மந்தமா இருக்கும். அதை வச்சு மார்க் போடாதீங்க.

தமிழ் டைப்பிங்கையும் அப்பவே பாத்துடுங்க. க்னோம்ல கீபோர்டு செட்டிங்ஸ்லயே தமிழைச் சேர்க்கலாம். எக்ஸ்எஃப்சிஇ-ல ஐபஸ்ஸும் அதுக்கான எம்17என் தொகுப்பும் நாமே நிறுவ வேண்டி வரும். அதுக்கப்புறம் தமிழ்99, ஃபோனடிக் ரெண்டும் கிடைக்கும். பிளாஸ்மாவுல வேலண்ட் ஓடுதுன்னா, சிஸ்டம் செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் கீபோர்டு பகுதிக்குப் போய் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸைத் தேர்ந்தெடுக்கணும். எல்லாம் இருந்தும் தமிழ் வரலைன்னா முதல்ல அங்க போய்ப் பாருங்க.