வாடகை குறைந்த வீடும் செலவு குறைந்த வீடும்

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்துவிட்டால், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு நம் பங்கு இல்லத்தை நாடி வரும் குடும்பங்களின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. பிழைப்பை முன்னிட்டுச் சென்னைக்குக் குடிபெயர்கிறவர்கள் இவர்களுள் பலர். "எந்தப் பகுதியில் வீடு பார்த்திருக்கிறீர்கள்?" என்று வினவினால், "வாடகை கம்மியாக இருக்கிற இடமாய்ப் பார்த்திருக்கிறோம், சுவாமி" என்பதே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் விடை. இவ்விடையில் தவறேதுமில்லை. ஆனால் வாடகை குறைந்த வீடு வேறு, செலவு குறைந்த வீடு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, முன்பணத்தையும் கட்டிவிட்டு, ஆறே மாதத்தில் வேறு வீடு தேடி அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். கணவர் கிண்டியில் வேலை செய்கிறார். மனைவி தியாகராய நகரில் ஒரு கடையில் பணி புரிகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே 7,000 ரூபாய்க்கு ஒரு வீடு. நிலையத்திற்கு நடந்து செல்லும் தூரத்தில் 9,000 ரூபாய்க்கு இன்னொரு வீடு. முதல் வீட்டில் மாதம் 2,000 ரூபாய் மிச்சம் என்று மனம் மகிழும். ஆனால் ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு 20 ரூபாய் என்றாலும், இருவர் போகவும் வரவும் நாளொன்றுக்கு 80 ரூபாய். 26 நாட்களுக்கு 2,080 ரூபாய். அங்கே குழாய் நீர் இல்லாமல் லாரித் தண்ணீருக்குப் பங்கு கொடுக்க நேர்ந்தால் அது தனிச் செலவு. மிச்சம் என்று நினைத்தது கடன். அன்றாடம் இழக்கும் ஒரு மணி நேரத்தை இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. அந்த ஒரு மணி நேரம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரமாகவோ, குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணும் நேரமாகவோ இருந்திருக்க வேண்டியது.

ஆகவே முதலில் வீட்டைத் தேடாமல் ரயில் பாதையைத் தேடுவதே முறை. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அது செங்கல்பட்டு வரையிலும் அதற்கு அப்பாலும் செல்கிறது. சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாக ஒரு பாதை, கும்மிடிப்பூண்டிக்கு மற்றொன்று. சீசன் சீட்டு எடுத்துக்கொண்டால் மாதச் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்பதையும் இல்லத்தரசியர் கணக்கில் கொள்ளலாம். தென் மாவட்டத்தாருக்கு இன்னொன்று: 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டபின், ஊருக்குப் போய்வருவோர்க்கு வண்டலூர், ஊரப்பாக்கம் பகுதிகள் வசதியாகிவிட்டன.

தொலைவின் கொடுமை என்னவென்று அறிய விரும்புவோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நகரின் நடுவே ஆற்றோரங்களில் குடிசையிட்டு வாழ்ந்த ஏழை மக்கள், 2000-ஆம் ஆண்டு தொடங்கி, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இக்குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். கான்கிரீட் கூரை கிடைத்தது. ஆனால் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்கள் பலர் அவ்வேலையை இழந்தனர். சிலர் விடியுமுன் எழுந்து பேருந்தேறினர். வீடு கிடைத்தும் வாழ்வு தொலைவிலேயே நின்றது. விரும்பாமல் அனுப்பப்பட்டவர்களுக்கு நேர்ந்த இத்துன்பத்தை, தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையுள்ளவர்கள் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

அடுத்தது தண்ணீர். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் சென்னையில் தண்ணீர் இல்லாமையும் துன்பம், தண்ணீர் மிகுதலும் துன்பம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவரப்பட்டது. அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பர் முதல் வாரத்தில், அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை வீடுகளை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாட்கணக்கில் நீர் வடியவில்லை. சேமித்து வாங்கிய குளிர்பதனப் பெட்டியும் தையல் இயந்திரமும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் ஓர் இரவில் சேறாகிப் போன வீட்டில், வாடகை மலிவு என்ற பேச்சுக்கு இடமேது?

மே மாதத்தில் பார்க்கும் வீடு நவம்பர் மாதத்து வீடன்று என்பதை மறத்தலாகாது. காய்ந்த வெட்டவெளியாகத் தோன்றும் மனை, வடகிழக்குப் பருவமழையில் ஏரியாக இருக்கலாம். சென்னையின் பல பகுதிகள் ஏரிகளின் மீது எழுந்தவை. தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றச்செய்து அமைத்ததுதான். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ' சாலை உண்டு, ஏரியைத்தான் காணோம்! தாங்கல், ஏரி என்று பெயரில் வரும் இடங்களெல்லாம் இன்று மூழ்கும் என்று நாம் சொல்லவில்லை. விசாரிக்க அது ஒரு காரணம், அவ்வளவே. விசாரணையை வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ நடத்திப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரையும் தேநீர்க் கடைக்காரரையும் கேளுங்கள்: "2015-இல் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது? 2023-இல்?" இடுப்பைத் தொட்டுக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குச் செல்லுங்கள். சாலையிலிருந்து படியிறங்கி வீட்டுக்குள் போக வேண்டியிருந்தாலும் அவ்வாறே செய்க. மீண்டும் மீண்டும் சாலை போட்டுப் போட்டுத் தரைமட்டம் உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது என்பது அதன் பொருள். குளியலறை வாளியிலும் குழாயிலும் வெண்மையாகப் படிந்திருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. அந்நீரில் சோறும் பருப்பும் வேகும் அழகைப் பெண்களே அறிவர்.

வடசென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கே போவதே கௌரவம் என்றெண்ணி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளை நம்மவரும் இழிவாகப் பேசுகிறார்கள். இது வீண் பெருமை என்பதே நம் கருத்து. 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஸ்டான்லி மருத்துவமனை அருகில் உள்ளது. அக்கம்பக்கத்தார் ஒருவர்க்கொருவர் உதவும் பழைய தெருக்கள் உள்ளன. 'சைவ உணவினருக்கு மட்டும்' என்று மீன் குழம்பு வைக்கும் குடும்பத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் அங்கே குறைவு. ஆனால் எண்ணூர்ப் பக்கம் போகிறவர்கள் ஆலைப் புகையையும் சாம்பலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் அங்கே அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டார் அவ்விடத்தைத் தவிர்ப்பதே நன்று.

பணம் கொடுக்குமுன் ஒன்று. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டத்தின்படி, வேறுவிதமாக உடன்படிக்கை இல்லையேல் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது. உடன்படிக்கையை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். எனவே கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீருக்குத் தனிக் கட்டணம் உண்டா, வாடகை எப்போது எவ்வளவு உயரும் என்பவையும் தாளில் ஏற வேண்டும்.

குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மூட்டை கட்ட வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர் முதலில் ஓர் அறையில் தங்கி, ஒரு மழைக்காலத்தையாவது அங்கே பார்த்தபின் வீடு பிடிப்பது மேல். ஒன்பதாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ காலடி வைத்துள்ள பிள்ளையை அரசுத் தேர்வு முடியும்வரை ஊரிலேயே பாட்டி வீட்டில் படிக்கவிடலாம். தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுக்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பகுதிக் கோவிலுக்குப் போய்த் திருப்பலி முடிந்தபின் அன்பியப் பொறுப்பாளர்களிடம் பேசிப் பாருங்கள். எந்த வீடு காலியாகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது தரகரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.