ஆஸ்டின் டவுனா, ஓசூரா? வீட்டு விலையும் பத்திரச் செலவும்

ஒரு வீட்டின் விலை வேறு. அதை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஆகும் செலவு வேறு. முன்னதைப் பற்றி ஊரே பேசும். பின்னதையோ, சார்பதிவாளர் அலுவலகத்தின் படியேறும் நாள்வரை பலர் நினைப்பதே இல்லை.

ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு வாழும் நம்மவர் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. பெங்களூரிலேயே சிறு வீடு ஒன்றை வாங்குவதா, அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் வாங்குவதா என்பதே அது. இடைத் தொலைவு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே மாநில எல்லை இருக்கிறது. எல்லை கடந்தால் விலை பொதுவாகக் குறைகிறது; வரியும் மாறுகிறது. வீட்டில் படித்த பிள்ளை நாம் என்பதால், "கணக்குப் போட்டுச் சொல்லப்பா" என்று பெரியவர்கள் நம்மைத்தான் கேட்பார்கள். அந்தக் கணக்கை இங்கே காண்போம்.

கிரயப் பத்திரத்துக்கு இரு செலவுகள் உண்டு. ஒன்று முத்திரைத் தீர்வை; மற்றொன்று பதிவுக் கட்டணம். இவற்றை ஒவ்வொரு மாநிலமும் தானே விதிக்கிறது. ஆதலால் ஊருக்கு ஊர் வேறுபாடு.

கருநாடகத்தில் தீர்வை 5 விழுக்காடு. அந்தத் தீர்வையின் மேல் பத்தில் ஒரு பங்கு மேல்வரியும், நகர்ப்புறமாயின் ஐம்பதில் ஒரு பங்கு கூடுதல் வரியும் சேர்ந்து 5.6 ஆகிறது. பதிவுக் கட்டணம் 1 விழுக்காடாக இருந்தது. 2025 ஆகஸ்டு 31 முதல் 2 ஆயிற்று. ஆக மொத்தம் 7.6. தமிழ்நாட்டில் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9. கேரளத்தில் 8-உம் 2-உம் சேர்ந்து 10.

நாற்பது லட்ச ரூபாய்க்குப் பழைய வீடு ஒன்றை வாங்குவதாகக் கொள்வோம். பெங்களூரில் பத்திரச் செலவு 3,04,000 ரூபாய், ஓசூரில் 3,60,000. கட்டியவரிடமிருந்து முதன்முதலாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு இரு மாநிலங்களிலும் சலுகை உண்டு. அதே நாற்பது லட்சத்துக்குக் கருநாடகத்தில் தீர்வை 3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 4. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் இன்னொரு சலுகையும் உண்டு. பத்து லட்சத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும். சிறு மனை வாங்குவோர் அன்னையின் பெயரில் வாங்கலாமே!

ஆனால் விழுக்காட்டை மட்டும் பார்த்து, "எங்கே வரி குறைவு?" என்று முடிவு கட்டிவிடலாகாது. பௌதிக மாணவர்களுக்கு இது பழகிய பாடம். வேலை என்பது விசை மட்டுமா? விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும் அன்றோ! வரியும் அப்படியே, வீதமும் மதிப்பும் பெருக்கிய தொகை. அந்த மதிப்பு நாம் பத்திரத்தில் எழுதும் விலை மட்டும் அன்று. தெருவாரியாக அரசு ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. இரண்டில் எது அதிகமோ, அதன்மேல்தான் தீர்வை.

இதன் விளைவைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 ஆக்கினார்கள். 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்திக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் எழுதிய ஒரு சொத்தை எண்ணிப் பாருங்கள். 2017-க்கு முன் மதிப்பு 30 லட்சம், வீதம் 8, செலவு 2,40,000. பிறகு மதிப்பு 20 லட்சம், வீதம் 11, செலவு 2,20,000. 2023-இல் மதிப்பு மீண்டும் 30 லட்சம், வீதம் 9, செலவு 2,70,000. வீதம் 11-இலிருந்து 9-க்கு இறங்கியது, செலவோ ஏறியது! பெங்களூரிலும் 2023 அக்டோபரில் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது. அதன் பின்னரே பதிவுக் கட்டணம் இரட்டிப்பாயிற்று.

இனி, நடுத்தரக் குடும்பத்தை உண்மையில் திணறடிக்கும் இடத்துக்கு வருவோம். கடன் தொகை முப்பது லட்சம் வரையாயின், வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கி தரலாம். அதற்கு மேல் எழுபத்தைந்து லட்சம் வரை 80 விழுக்காடு. ஆனால் வீடு பத்து லட்சத்துக்கு மேற்பட்டதாயின், பத்திரச் செலவை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது முழுவதும் கைப்பணம்! ஓசூரில் 30 லட்ச வீட்டுக்கு நம் பங்கு 3 லட்சம், பத்திரத்துக்கு 2,70,000; ஆக 5,70,000. "மூன்று லட்சம் சேர்ந்துவிட்டது" என்று முன்பணம் கொடுத்த குடும்பம், மீதிக்கு நகையை அடகு வைக்க நேருகிறது. பெங்களூரில் 40 லட்ச வீட்டுக்கு 8 லட்சமும் 3,04,000-உம் சேர்ந்து 11,04,000 வேண்டும். வரி வீதம் இங்கே குறைவு. ஆனால் கைப்பணம் ஏறக்குறைய இரு மடங்கு. ஓசூர்க் கணக்கிலோ நாள்தோறும் போய்வரும் செலவையும் நேரத்தையும் சேர்த்தாக வேண்டும்.

இந்தச் சுமைக்கு அஞ்சிச் சிலர் பதிவையே தவிர்க்கிறார்கள். பொது அதிகாரப் பத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு குடியேறுகிறார்கள். நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள நிலம், வீடு ஆகியவற்றின் கிரயம் பதிவான பத்திரத்தால்தான் செல்லும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் கூறுகிறது. அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகத் தீர்ப்பளித்தது. இன்று மிச்சப்படுத்தும் மூன்று லட்சம், நாளை பிள்ளைகளுக்கு வீடே இல்லை என்னும் நிலையைக் கொண்டுவரலாம்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் பேச்சு எழும்போது நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: பேசிய விலை, அத்தெருவின் வழிகாட்டி மதிப்பு, அன்றைய மொத்த வீதம், வங்கி தரும் தொகை. விலையையும் பத்திரச் செலவையும் கூட்டி, வங்கித் தொகையைக் கழியுங்கள். வருவதே குடும்பத்தின் கையில் இருக்க வேண்டிய பணம். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பெற்றோர்முன் வையுங்கள். நாம் பெற்ற கல்விக்கு இதுவும் ஒரு பயன் அன்றோ!