அமெரிக்கனா, நேஷனலா? ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தீராத வழக்கு

அமெரிக்க நாட்டில் 'புட்பால்' என்றால் அது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலையில் கவசம் மாட்டிய பதினோரு பேர், எதிரே நிற்கும் பதினோரு பேரை முட்டித் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. நான்கு வாய்ப்புக்குள் பத்து கெஜம் நகர வேண்டும். இல்லையேல் பந்து எதிரி கைக்குப் போய்விடும். ஆட்டத்தை நடத்திச் செல்பவருக்கு 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். பந்தை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் அவரே.

தொழில்முறை அணிகள் மொத்தம் 32. அவை பதினாறு பதினாறாக இரண்டு 'கான்பரன்ஸ்'களில் நிற்கின்றன. கான்பரன்ஸ் என்றதும் பந்தலும் தோரணமும் கட்டிய கட்சி மாநாடு என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இங்கே அதற்குப் பிரிவு என்றுதான் பொருள். ஒன்று அமெரிக்கன், மற்றது நேஷனல். இரு பிரிவிலும் வாகை சூடிய அணிகள் இறுதியில் மோதும் ஆட்டமே சூப்பர் பவுல். இந்த இரண்டில் எது பலமானது என்பதுதான் வழக்கு.

பழைய பகை

வடக்கு, தெற்கு என்று திசை பார்த்து வந்த பிரிவினை அல்ல இது. நேஷனல் புட்பால் லீக் 1920லிருந்து இருந்து வருவது. டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்து வாலிபர் லாமர் ஹன்ட் அதில் ஓர் அணி வாங்க முயன்றார், கிடைக்கவில்லை. தன்னைப் போன்ற பணக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 1960ல் போட்டி லீக் ஒன்றையே களத்தில் இறக்கிவிட்டார். கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞர்களை ஏலம் எடுப்பது போல இரு லீகுகளும் விலை ஏற்றின. 1965ல் ஜோ நேமத் என்ற குவார்ட்டர்பேக்குக்கு நியூயார்க் ஜெட்ஸ் அணி நாலு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. இப்படியே போனால் இருவருக்கும் கட்டாது என்று கண்டு 1966ல் சமாதானம் செய்துகொண்டார்கள்.

1967, 1968 ஜனவரிகளில் நடந்த முதல் இரண்டு இறுதி ஆட்டங்களிலும் பழைய லீகின் கிரீன் பே அணி சுலபமாக வென்றது. புதிய லீக் சின்னப் பையன்கள் லீக் என்று கேலி பேசினார்கள். 1969 ஜனவரியில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை நேமத்தின் ஜெட்ஸ் எதிர்த்தபோது, கோல்ட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் எழுதி வைத்தார்கள். நேமத்தோ ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வெற்றி எங்களுக்கே என்று பகிரங்கமாக உறுதி கூறினார். திமிர் என்றார்கள். மயாமி மைதானத்தில் முடிவு: ஜெட்ஸ் 16, கோல்ட்ஸ் 7. தற்செயல் என்று சமாதானம் சொன்னவர்களின் வாயை மறு ஆண்டு கன்சாஸ் சிட்டி 23-7 என்று மினசோட்டாவை வென்று அடைத்தது.

1970ல் இரு லீகும் ஒன்றாயின. பழைய லீகில் 16 அணி, புதியதில் 10. கணக்கு சமமாக வேண்டுமே! பால்டிமோர், பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து ஆகிய மூன்று பழைய அணிகள் தலைக்கு 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்தன. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அமெரிக்கன், நேஷனல் என்ற பிரிவுகள் இப்படித்தான் உருவாயின.

பேரேடு சொல்வது

கூட்டல் கழித்தலில் பொழுது போக்கும் குமாஸ்தாக்களான நமக்கு இதற்குப் பிந்தைய கணக்கு ருசிக்கும். 1971 முதல் 1981 வரை 11 இறுதி ஆட்டங்கள். அமெரிக்கன் பிரிவுக்கு ஒன்பது, நேஷனலுக்கு இரண்டு. அந்த இரண்டும் டல்லஸ் அணி ஒன்றே வாங்கியவை. அமெரிக்கன் பிரிவு அசைக்க முடியாதது என்று பேசினார்கள். ஆனால் அந்த ஒன்பதைக் கிளறிப் பாருங்கள். நான்கு பிட்ஸ்பர்க்குடையவை, ஒன்று பால்டிமோருடையது. அதாவது ஐந்து கோப்பைகள், 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு இடம் மாறிய பழைய லீக் அணிகளுடையவை! பிரிவின் பலம் என்று எதைச் சொல்வது?

பிறகு சக்கரம் சுழன்றது. 1985 ஜனவரி முதல் 1997 ஜனவரி வரை, தொடர்ந்து பதின்மூன்று ஆண்டு நேஷனல் பிரிவே வென்றது. 1958-59லிருந்து பதினைந்து ஆண்டு ரஞ்சிக் கோப்பையைப் பம்பாய் அணி விடாமல் வைத்திருந்ததே, ஏறக்குறைய அந்த மாதிரி. 1990ல் சான் பிரான்சிஸ்கோ 55-10 என்று டென்வரை நசுக்கியது.

இதில் விந்தை என்னவென்றால், அந்தக் காலத்தின் பெயர்பெற்ற எறிகாரர்கள் பலர் தோற்ற பக்கத்தில் இருந்தார்கள். 1983ல் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பங்கிட்டபோது, முதல் சுற்றில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டனர். ஆறு பேரையும் எடுத்தவை அமெரிக்கன் பிரிவு அணிகளே. எல்வே, கெல்லி, மரீனோ எல்லாம் அந்த ஆண்டுப் பயிர். அந்தப் பதின்மூன்று தோல்விகளில் ஒன்பது, இந்த ஆறு பேரில் யாராவது ஒருவரைத் தொடக்கத்தில் இறக்கிய அணிகளுக்கு நேர்ந்தவை. எறிபவன் கை மட்டும் போதாது. அவனைக் காக்கும் முன்வரிசையும், எதிரியைத் தடுக்கும் படையும் வேண்டும். நியூயார்க் ஜயன்ட்ஸ், வாஷிங்டன், டல்லஸ் என்று கிழக்குப் பகுதி அணிகளிடம் அது இருந்தது. பதின்மூன்றில் ஏழு கோப்பைகள் அந்த மூவருக்கு. நான்கு சான் பிரான்சிஸ்கோவுக்கு.

1998ல் எல்வே ஒருவழியாக டென்வருக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அதிலிருந்து 2009 வரை 12 ஆட்டங்களில் ஒன்பது மீண்டும் அமெரிக்கனுக்கு. 2010 முதல் 2025 வரை 16 ஆட்டங்கள்: எட்டுக்கு எட்டு. எல்லாவற்றையும் கூட்டினால், 2025 பிப்ரவரி வரை நடந்த 59 ஆட்டங்களில் நேஷனல் பக்கம் 30, அமெரிக்கன் பக்கம் 29. இவ்வளவு சண்டைக்குப் பிறகு ஒரே ஒரு ஆட்டம் வித்தியாசம்!

சரியான அளவுகோல்

ஆனால் ஆண்டுக்கு ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துப் பதினாறு அணிகளின் பலத்தை எடைபோடுவது சரியல்ல என்பது என் கட்சி. சாம்பியன் பலசாலியாக இருந்து மற்ற பதினைந்தும் சோப்ளாங்கியாக இருக்கலாம். இரு பிரிவு அணிகளும் பருவத்தின் நடுவே ஒன்றோடொன்று ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. முன்பு 64, 2021 முதல் 80. அங்கேதான் உண்மை தெரியும். 2004ல் அமெரிக்கன் பிரிவு இந்த வகையில் 44 வென்று 20 தோற்றது. தலை முதல் கால் வரை பலம் என்றால் அது.

இது வெறும் வாய்ச் சண்டையும் அல்ல. நாக்-அவுட் சுற்றுக்கு இரு பிரிவிலிருந்தும் சம எண்ணிக்கையில்தான் அணிகள் போகும். பலமான பிரிவில் சிக்கியவன் பாடு திண்டாட்டம். 2008ல் நியூ இங்கிலாந்து 16க்கு 11 வென்றும் வீட்டுக்குப் போனது. அதே ஆண்டு நேஷனல் பிரிவில் ஒன்பது வென்று ஒன்றைச் சமன் செய்த பிலடெல்பியா உள்ளே நுழைந்து, அரை இறுதி வரை போயிற்று. ஆனால் பழியை முழுக்கப் பிரிவின் மேல் போடவும் முடியாது. நான்கு நான்கு அணிகளாக உட்பிரிவு வைத்து அதன் முதல்வருக்கு இடம் நிச்சயம் என்று விதி இருப்பதால், அமெரிக்கன் பிரிவிலேயே எட்டு மட்டும் வென்ற சான் டியாகோவும் உள்ளே போனது. 2010ல் நேஷனல் பிரிவின் சியாட்டில் ஏழு வென்று ஒன்பது தோற்றும் உட்பிரிவுத் தலைவன் ஆனது. போதாக்குறைக்கு, நியூ ஆர்லியன்சைத் தன் ஊரிலேயே வரவழைத்து 41-36 என்று வென்றும் விட்டது.

பபலோ ஊர்க்காரர்களைக் கேட்டால் இந்த வழக்கின் இரு பக்கமும் தெரியும். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பவுலில் அவர்கள் அணி நேஷனல் பிரிவிடம் தோற்றது. முதலாவது 20-19, ஒரே புள்ளியில். பின்னாளில் ஜாஷ் ஆலன் என்ற அருமையான குவார்ட்டர்பேக் வாய்த்தார். ஆனால் அதே அமெரிக்கன் பிரிவில் கன்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் குறுக்கே நின்றார். 2021 முதல் 2025 வரை நாக்-அவுட் சுற்றில் நான்கு முறை பபலோ அவரிடம் விழுந்தது. அதில் 2022 ஜனவரி ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் பந்து ஆலன் கைக்கு வராமலேயே 42-36 என்று முடிந்தது. அதற்குப் பிறகே நாக்-அவுட் ஆட்டங்களின் கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள்.