எலும்புக்கும் வேலை கொடுங்க!

‘வயசுக்கு வந்த பொண்ணுக்கு இன்னும் என்ன ஸ்கிப்பிங் வேண்டிக்கிடக்கு?’ - உங்கள் வீட்டிலும் இந்தக் குரல் ஒலிக்கிறதா? அப்படியானால் இதைப் படித்தே ஆக வேண்டும். பன்னிரண்டு வயதில் நிறுத்தப்படும் ஆட்டத்துக்கும், எழுபது வயதில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் சம்பந்தம் உண்டு!

எலும்பு என்பது உயிரில்லாத கல்தூண் அல்ல. தினமும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிற உயிருள்ள திசு. பளு விழும் இடத்தில் அது வலுவாகும். பளு இல்லையென்றால்... கரையும்! 1892-லேயே ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதி வைத்த விஷயம் இது. சின்ன வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு, மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றொரு கையைவிட தடிமனாக இருக்கும். உடல் எடையே தெரியாமல் விண்வெளியில் மிதப்பவர்களுக்கோ, இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்குச் சுமார் 1 சதவிகிதம் குறைகிறது.

சேர்க்கிற வயசு

எலும்பின் மொத்த வலுவில் சுமார் 90 சதவிகிதம் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதிலும் பூப்பெய்துவதை ஒட்டிய சில வருடங்களில் கிடுகிடுவெனச் சேரும். நாமோ, சரியாக அந்த நேரம் பார்த்துப் பெண்ணை உட்கார வைக்கிறோம். பையனை டியூஷனுக்கு விரட்டுகிறோம். பாண்டி, ஸ்கிப்பிங், கோகோ என்று குதித்து ஓடும் ஆட்டங்கள்தான் எலும்புக்கு உரம். 5 முதல் 17 வயதுவரை தினமும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்பையும் தசையையும் வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டி.

காப்பாற்றுகிற வயசு

முப்பதுக்குப் பிறகு, இருப்பதைக் கட்டிக் காக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதை ஒட்டிய 5 முதல் 7 வருடங்களில் 20 சதவிகிதம்வரைகூட எலும்பு கரையலாம். ‘அதான் கால்சியம் மாத்திரை சாப்பிடறேனே’ என்கிறீர்களா? கேழ்வரகும் பாலும் மாத்திரையும் தருவது செங்கல்லை. கொத்தனாரை வேலைக்குக் கூப்பிடுவது உடற்பயிற்சிதான்!

நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லது. ஆனால் எலும்பின் மேல் போதிய பளு விழாது. வேகமாக நடங்கள், மாடிப்படி ஏறுங்கள். கூடவே, வாரம் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள்.

விழாமல் இருக்கிற வயசு

அறுபதுக்கு மேல் முதல் வேலை, விழாமல் இருப்பது. சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கலாம். முதல் சில நாட்கள் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. லேசாக விழுந்ததிலேயே எலும்பு முறிந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள்... டாக்டரிடம் ‘டெக்ஸா ஸ்கேன்’ பற்றிக் கேளுங்கள். எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தால் குதிப்பது, முதுகை வளைத்துக் குனிவது, உடம்பை முறுக்குவது கூடாது. என்ன செய்யலாம் என்பதை டாக்டரோ, பிசியோதெரபிஸ்டோ சொல்லட்டும்.

அதற்காக ஒரேயடியாகப் படுத்துவிடவும் கூடாது. ‘நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அத்தை, உட்காருங்க’ என்பது பாசம்தான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். கீரை வாங்கக் கடைக்குப் போகும்போது, அத்தையையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்களேன்!